டின் துடைக்கிற அக்கா என்னிடம் சொல்லாமல் போனது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் தொழில் பக்கத்தில், சிறு தொழில் நடத்துகிறவர்கள் நல்ல தலைவர்களாக ஆவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். தொலைநோக்கு வேண்டும், துணிச்சல் வேண்டும், பேச்சுத் திறமை வேண்டும், கணக்கு வழக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு மாங்கூழ் ஆலையை நடத்தி, நடுவில் பெரிய அடி ஒன்று வாங்கியவன் என்பதால், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. ஆலையில் ஏதோ தப்பு நடக்கிறது என்று கடைசி வரிசையில் நிற்கிற ஆளுக்குத் தெரிகிறது. அது முதலாளியின் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது? என் ஆலையில் ஒரு தடவை பன்னிரண்டு நாள் ஆனது.

எங்கள் ஆலை காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறியதுதான். மண்டி வைத்திருந்த என் அப்பா 1991-இல் ஒரு தகரக் கொட்டகையில் பதினைந்து பேரோடு ஆரம்பித்தார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-இல் பொறுப்பு என் கைக்கு வந்தது. இப்போது பருவத்தில் தொண்ணூறு பேர் வரை வேலை செய்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் சுற்று ஊர்ப் பெண்கள். அல்போன்சாவும் போடுவோம், ஆனால் எங்களுக்குப் பிழைப்பு பெங்களூரா மாங்காயில்தான். வருடத்தில் இரண்டரை, மூன்று மாதம் ஓடினால் அதுதான் வருமானம். மீதி மாதங்களுக்கு அந்தப் பணத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும்.

பருவத்தில் ஆலையின் அவசரம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது. பழுக்க வைக்கிற கொட்டகையில் பத்து டன் இன்று பதமாக இருந்தால் நாளைக்கு அது குழைந்துவிடும். வாசலில் லாரிகள் நிற்கும், டிரைவர்கள் கத்துவார்கள். கூழ் சூடேறிய பிறகு லைன் நின்றால் நிறம் கறுக்கும், விலை இறங்கும். அதனால் லைன் நிற்பது என்றாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று கேட்பதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிடுவேன். முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், நாலு பேர் பயந்தால்தான் வேலை நடக்கும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

நடந்தது 2014 பருவத்தில். அதைச் சொல்வதற்கு முன்னால் டின் மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 3.1 கிலோ டின்னில் கூழைச் சூடாக ஊற்றி உடனே மூடுவோம். மூடுகிற மெஷினை சீமர் என்போம். மூடியின் ஓரத்தையும் டின்னின் விளிம்பையும் கொக்கியும் கொக்கியுமாக மடிப்பது அதன் முதல் உருளை, மடித்ததை அழுத்தி இறுக்குவது இரண்டாவது உருளை. அந்த இரண்டாவது உருளை ஒரு மயிரிழை தளர்ந்தாலும் மடிப்பு லூசாகிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூடிய டின்னைக் கொதிநீரில் வேகவைத்து, அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் ஆற வைப்போம். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மடிப்பு லூசாக இருந்தால் டின் அந்த வழியாக வெளித் தண்ணீரைத் துளித் துளியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரோடு கிருமியும் போகும். சில நாளில் உள்ளே புளித்து, வாயு கட்டி, டின் உப்பும்.

ஆறிய டின்களை மேஜையில் வைத்துத் துணியால் துடைப்பது ஆறேழு பெண்களின் வேலை. துடைக்காவிட்டால் துரு ஏறும். ஆலையிலேயே குறைந்த மதிப்புள்ள வேலை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். வயதானவர்களையும் வெயிட் தூக்க முடியாதவர்களையும் அங்கே உட்கார வைப்போம். உட்கார வைப்போம் என்பது பேச்சுக்கு. அப்போது ஸ்டூல்கூட இல்லை, நின்றுகொண்டேதான் துடைத்தார்கள்.

அங்கே ஒரு அக்கா இருந்தார். என் அப்பா காலத்திலிருந்து வருகிறவர். ஒரு நாள் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், டின்னின் மேல்விளிம்பில் துணி ஒட்டுவதை அவர் கவனித்திருக்கிறார். பிசுக்கு. சரியாக மூடிய டின் வெந்து ஆறி வந்தால் விளிம்பு வழவழவென்று இருக்கும். இதில் மெல்லிய பிசின் மாதிரி ஏதோ ஒட்டியது. அடுத்ததைப் பார்த்தார், அதிலும். உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல கூழ் வழிஞ்சிருக்கும்க்கா, நல்லா துடைச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரிக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. நாலு நாள் முன்னால் பம்பில் கசிவு என்று இதே மேஸ்திரிதான் லைனை நிறுத்தினார். நான் நாற்பது பெண்களுக்கு முன்னால் அவரை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் செய்ததுதான் சரி. பம்பை நிறுத்தாமல் விட்டிருந்தால் பெரிய செலவு வைத்திருக்கும். அதை நான் அப்போதே தெரிந்துகொண்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அன்று பிசுக்கோடு வந்த டின்கள் ராத்திரி வரை வந்துகொண்டே இருந்தன. மறுநாள் காலையில் சீமரை வழக்கம்போல் துடைத்து முடுக்கியபோது உருளை தன்னால் சரியாகிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. நானும் அந்த மேஜைப் பக்கமாக எத்தனையோ தடவை நடந்து போனேன்.

பன்னிரண்டாவது நாள் குடோனைத் திறந்தால் புளித்த வாடை. டின்களை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல டின் கணீரென்று ஒரு சத்தம் கொடுக்கும். உப்புகிற டின் 'பொத்' என்னும். ஒரே அடுக்கில் பத்துப் பதினைந்து 'பொத்'. மூடியில் குத்தியிருந்த குறியீட்டு எண்ணைப் பார்த்தால் எல்லாம் ஒரே தேதி. அன்றைய லாட்டில் சுமார் 2,400 டின். உப்பியது நானூறுக்குள்தான் இருக்கும். ஆனால் மீதி இரண்டாயிரத்தில் எது நல்லது, எது நாளைக்கு உப்பும் என்று யார் சொல்வது? ஒருவர் வயிற்றுக்குள் போகிற பொருள். மொத்தத்தையும் பின்பக்கம் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். ஏழரை டன் கூழ். அது பதினைந்து டன் பழம். தோட்டத்தில் ஏறிப் பறித்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், கொட்டை நீக்கிய பெண்கள், பாய்லர் முன்னால் வெந்தவர்கள் என்று எல்லோருடைய ஒரு நாள் உழைப்பும் அந்தக் குழிக்குள் போனது.

யார் காரணம் என்று கேட்டேன். மேஸ்திரியைக் கேட்டேன், சீமர் ஓட்டுகிறவனைக் கேட்டேன், பாய்லர் ஆளைக்கூட விடவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்க வரிசையில் வந்த அந்த அக்கா, காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, போகாமல் நின்றார். "தம்பி, அந்த டின்னுல பிசுக்கு இருந்துச்சு. நான் மேஸ்திரிகிட்ட அன்னிக்கே சொன்னேன். அவர் மேல கோவிச்சுக்காதீங்க. லைனை நிறுத்தினா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் முடியவில்லை.

ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அப்பாவும் கோபக்காரர். என்னைவிடப் பெரிய குரல். ஆனால் அவரிடம் இருந்தது பதினைந்து பேர். காலையில் கத்தினால் சாயங்காலம் டீ குடிக்கும்போது அதே ஆளோடு சிரித்துக்கொண்டிருப்பார், கோபம் அங்கேயே தீர்ந்துவிடும். அதோடு, எல்லாவற்றையும் அவர் கண்ணாலேயே பார்த்தார். மடிப்பு லூசாக இருந்திருந்தால் அவர் விரலே கண்டுபிடித்திருக்கும். தொண்ணூறு பேர் ஆன பிறகு முதலாளியின் கண் எட்டாது. மற்றவர்களின் கண் வழியாகத்தான் அவன் ஆலையைப் பார்க்க முடியும். என் சத்தம் அந்தக் கண்களை எல்லாம் மூடி வைத்திருந்தது. நான் மேஸ்திரியிடம் ஒரு தடவை கத்தினால், அவர் கீழே பத்துப் பேரிடம் கத்துவார், அவர்கள் புதிதாக வந்த பிள்ளைகளிடம் கத்துவார்கள். நான் பேசாத இடத்திலும் என் கோபம் வேலை செய்துகொண்டிருந்தது.

மேஸ்திரியை அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உறவினர்களும் அதையே சொன்னார்கள். அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். பத்து வருடத்தில் அவர் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பம்பு விஷயத்தில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை, அன்று திட்டிய அதே இடத்தில், எல்லோருக்கும் முன்னால் இன்னொரு தடவை சொன்னேன். ஊர் பார்க்கத் திட்டிவிட்டு, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது.

அதே கூட்டத்தில், தப்பு என்று பட்டால் யார் வேண்டுமானாலும் லைனை நிறுத்தச் சொல்லலாம் என்றும் அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று வாரம் ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஆசிரியர் அவர்களே, கட்டுரைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் இந்த மூன்று வாரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பத்து வருடம் கத்தியவன் ஒரு நாள் கூட்டம் போட்டால் யார் நம்புவார்கள்?

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன்தான் டொயோட்டா கதையைச் சொன்னான். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா முதலில் தறி செய்தவராம். 1924-இல் அவர்கள் கொண்டுவந்த தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தாலும் தானாக நின்றுவிடும். பின்னால் கார் தொழிற்சாலையிலும் அதே புத்திதான். லைன் நெடுக ஒரு கயிறு ஓடும், கோளாறு கண்ட எவரும் இழுக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. கயிற்றை இழுத்த உடனே லைன் நிற்பதில்லை. முதலில் பொறுப்பாளர் உதவிக்கு ஓடி வருவார். வண்டி குறித்த இடத்துக்கு வருவதற்குள் கோளாறு சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். எங்கள் ஆலையில் கூப்பிட்டால் ஓடி வருவதற்கு யார் இருந்தார்கள்? கூப்பிட்டவரைத் திட்ட மட்டும்தான் ஆள் இருந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு சாதாரண காலிங் பெல் வாங்கி வந்து துடைக்கிற மேஜையில் பொருத்தினோம். பழம் கழுவுகிற இடத்தில் ஒன்று, கொட்டை நீக்குகிற இடத்தில் ஒன்று, சீமர் பக்கத்தில் ஒன்று. முதல் பெல் அடித்தவள் பழம் கழுவுகிற இடத்தில் இருந்த ஒரு சின்னப் பெண். பெல்ட்டில் கண்ணாடித் துண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். லைனை நிறுத்தினோம். இருபத்தைந்து நிமிடம் தேடினோம். கிடைத்தது கழுவிய தண்ணீரில் பளபளத்த ஒரு பிளாஸ்டிக் கவர். வாசலில் ஏழு லாரி நின்றது. தொண்டை வரை வார்த்தை வந்தது. நாற்பது பேரும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார்கள், அந்தப் பெண்ணின் முகத்தை அல்ல. "கவர் போயிருந்தாலும் தப்புத்தான். நல்ல வேளை பார்த்தேம்மா" என்றேன். எல்லோருக்கும் டீ சொன்னேன். அந்த வாரத்தில் நாலு பெல் அடித்தது.

ஆனால் பேச ஆரம்பித்தவர்கள் முதலில் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். குடிக்கிற தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். துடைக்கிற மேஜையில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றார்கள். தாழ்ப்பாள் விலை நூறு ரூபாய்கூட இல்லை. எத்தனை வருடமாக அது இல்லாமல் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே மாட்டினோம். அடுத்த வாரம் ஸ்டூல்கள் வந்தன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலம் 2021-இல் சட்டத்தைத் திருத்தியபோது, அது கடைகளுக்கான சட்டமாக இருந்தும், எங்கள் துடைக்கிற மேஜைதான் என் நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாளைச் சொல்லி அது நடந்ததைப் பார்த்த பிறகுதான் அவர்கள் மடிப்பைப் பற்றி, கத்தியின் முனையைப் பற்றி, கொட்டகையில் ஒரு மூலையில் மட்டும் பழம் சீக்கிரம் அழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு டின்னை எடுத்து, மடிப்பை அறுத்துப் பிரித்து, மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுகிறோம். அளவு தவறினால் அதற்கு முந்தைய இரண்டு மணி நேர டின்கள் மட்டும் தனியாகப் போகும். துடைக்கிற பெண்களுக்கும் அறுத்த மடிப்பைக் கையில் கொடுத்துக் காட்டுகிறோம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் விரல் எங்கள் மைக்ரோமீட்டரை முந்திவிடும்.

வெளி மாநிலத்திலிருந்து லோடிங்குக்கும் பாய்லருக்கும் வருகிற பையன்கள் விஷயம் இன்னும் கஷ்டம். மொழி தெரியாது, ஒப்பந்தக்காரர் மேல் பயம் வேறு. அவர்களில் தமிழ் பேச வந்த ஒருவனைப் பிடித்து, தினமும் காலை பத்து நிமிடம் அவர்களோடு உட்காருகிறேன். இதில் நான் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கெட்ட செய்தி கீழிருந்து மேலே வந்தால் போதாது, முதலாளியிடமிருந்து கீழேயும் சீக்கிரம் போக வேண்டும். 2025 பருவத்தில் பெங்களூராவுக்கு விலை இல்லாமல் நம் மாவட்ட விவசாயிகள் பட்ட பாடு தங்கள் நாளிதழிலும் வந்தது. என் குடோனில் முந்தைய வருடத்துக் கூழ் விற்காமல் கிடந்தது. இந்தத் தடவை ஒரு ஷிஃப்ட்தான் ஓட்டுவேன், இவ்வளவு டன்தான் வாங்க முடியும் என்று வழக்கமாகக் காய் தருகிறவர்களை மே மாதமே கூப்பிட்டுச் சொன்னேன். சில பேர் முகத்துக்கு நேராகத் திட்டினார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் என்னை நம்பிப் பறித்துவிட்டு, லாரியோடு இரண்டு நாள் வாசலில் நின்று பழத்தை அழுகவிட்டவர் என்று யாரும் இல்லை. நல்ல விலையை என்னால் தர முடியவில்லை, உண்மையை முன்கூட்டியே தர முடிந்தது. வேலைக்கு வருகிற பெண்களிடமும், இந்த வருடம் இத்தனை நாள்தான் வேலை என்று அப்போதே சொன்னதால், வேறு வேலை தேடிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில் முனைவோருக்கான வகுப்புகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். கடன் வாங்குவது, திட்ட அறிக்கை எழுதுவது, ஜிஎஸ்டி கட்டுவது எல்லாம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். வேலை செய்கிறவர் பேசும்போது முதலாளி வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி என்று ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித் தரவில்லை. தங்கள் தொழில் பக்கத்தில் என்னைப் போன்ற முதலாளிகளையே எழுதச் சொல்கிறீர்கள். ஒரு மேஸ்திரியிடம், ஒரு பாய்லர் ஆளிடம், டின் துடைக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டு எழுதுங்கள். முதலாளியிடம் எதைச் சொல்லப் பயப்படுகிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். அதை முதலாளிகள் கட்டாயம் படிப்பார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். என்னை அடையாளம் கண்டால் அந்த மேஸ்திரியையும் ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள். அவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், சீமர் முழுவதும் இப்போது அவர் பொறுப்பு. அக்கா மூட்டு வலியால் மூன்று வருடமாக வருவதில்லை. அவர் மருமகள் அந்த மேஜைக்கு வருகிறாள். சென்ற பருவத்தில் அவள் பெல் ஆறு தடவை அடித்தது. நாலு தடவை ஒன்றும் இல்லை. இரண்டு தடவை சீமர் உருளை தளர்ந்திருந்தது.

இப்படிக்கு,
ஒரு மாங்கூழ் ஆலை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.